பல் மருத்துவ அமைதியூட்டல்

பல் மருத்துவ அமைதியூட்டல் என்பது, பல் சிகிச்சை குறித்து அச்சமோ பதற்றமோ கொண்ட நோயாளி ஒருவர் அச்சிகிச்சையைத் தாங்கிக்கொள்ளும் பொருட்டு, மருந்துகளின் துணையால் அவருடைய நடு நரம்புத் தொகுதியின் செயற்பாட்டை அளவோடு தணிக்கும் முறை ஆகும். நைட்ரசு ஆக்சைடு வளிமத்தை மூக்கு வழியே சுவாசிக்கச் செய்தல், மாத்திரை வடிவில் மருந்தை உட்கொள்ளச் செய்தல், சிரை வழியே மருந்தைச் செலுத்துதல் ஆகியன இதன் முதன்மையான மூன்று வழிகள். இவற்றால் போதிய பயன் கிடைக்காதபோது முழு மயக்கம் பயன்படுத்தப்படுகிறது.

அமைதியூட்டல் அச்சத்தைத் தணிக்கிறதே அன்றி வலியை முற்றாக அகற்றுவதில்லை. ஆகவே பெரும்பாலான சிகிச்சைகளில் இதனுடன் ஈறில் செலுத்தப்படும் மரப்பு ஊசியும் தேவைப்படுகிறது. ஒரு நோயாளிக்கு எம்முறை ஏற்றது என்பது அவரது அச்சத்தின் அளவு, உடல்நிலை, வயது, செய்யவேண்டிய சிகிச்சை, மருத்துவரின் பயிற்சி, மருத்துவமனையில் உள்ள கருவிகள் ஆகியவற்றைப் பொறுத்தது.

சொல் விளக்கம்

தமிழில் "மயக்கம்" என்னும் சொல் பல பொருள்களில் வழங்குகிறது. தலைசுற்றி விழுவதும் மயக்கம். அறுவை சிகிச்சையின்போது நினைவிழக்கச் செய்வதும் மயக்கம். "மயக்க ஊசி" என்று பொதுவழக்கில் குறிக்கப்படுவது சில இடங்களில் ஈறில் போடப்படும் மரப்பு ஊசியையும், வேறு சில இடங்களில் முழு மயக்கத்துக்கான ஊசியையும் குறிக்கும். இதனால் நோயாளி கேட்பது ஒன்றாகவும் மருத்துவர் புரிந்துகொள்வது வேறாகவும் அமைந்துவிட வாய்ப்பு உண்டு. பின்வரும் மூன்றையும் வேறுபடுத்தி அறிதல் அவசியம்.

- இட உணர்விழப்பு: லிக்னோகெயின் போன்ற மருந்தை ஈறில் செலுத்தி, குறிப்பிட்ட பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்தல். நோயாளி முழு விழிப்புடன் இருப்பார். அச்சமும் அப்படியே இருக்கும்.
- அமைதியூட்டல்: நோயாளி தளர்வாகவும் அமைதியாகவும் இருப்பார், பெரும்பாலான முறைகளில் பேச்சுக்கு மறுமொழி தருவார், தானாகவே மூச்சு விடுவார்.
- முழு மயக்கம்: நோயாளி நினைவற்ற நிலையில் இருப்பார், வலியூட்டினாலும் எழுப்ப முடியாது. மூச்சுக்குப் பெரும்பாலும் துணை தேவைப்படும்.

பல் சிகிச்சை குறித்த அச்சம்

பல் சிகிச்சை குறித்த அச்சம் உலகெங்கும் காணப்படுவது. சிறுவயதில் நேர்ந்த வலி மிகுந்த பட்டறிவு, குடும்பத்தினரிடம் கேட்ட கதைகள், ஊசி அல்லது குருதி குறித்த அச்சம், துளைக்கும் கருவியின் ஓசை, மருந்துகளின் மணம் ஆகியவை இதற்கான காரணங்களுள் சில. சாய்ந்த நாற்காலியில் வாயைத் திறந்தபடி, பேச இயலாமல், நடப்பதைக் காணவும் இயலாமல் கிடக்க நேர்வதால் உண்டாகும் கட்டுப்பாட்டிழப்பு உணர்வும் ஒரு முக்கியமான காரணம். கருவிகள் அண்ணத்தையோ நாக்கின் அடிப்பகுதியையோ தொட்டவுடன் கட்டுக்கடங்காத குமட்டல் வருவதும் சிலருக்குச் சிகிச்சையை இயலாததாக்குகிறது.

இவ்வச்சம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் ஒரு சுழற்சியை உண்டாக்குகிறது. அச்சம் உடையவர் மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடுகிறார். தொடக்கத்தில் சிறிய அடைப்போடு முடிந்திருக்கக்கூடிய சொத்தை பற்கூழை எட்டுகிறது, சீழ் பிடிக்கிறது, வேர்ச் சிகிச்சையோ பல்லைப் பிடுங்குவதோ தேவையாகிறது. தாங்கமுடியாத வலியுடன் இறுதியில் அவர் மருத்துவரை அடையும்போது, அழற்சியுற்ற பகுதியில் மரப்பு ஊசியும் சரிவர வேலை செய்வதில்லை. அழற்சி காரணமாக இழையத்தின் அமிலத்தன்மை கூடி, மருந்து நரம்புக்குள் புகுவது குறைவதே இதற்கு ஒரு காரணம். எனவே சிகிச்சை வலிக்கிறது; அச்சம் உறுதிப்படுகிறது; அடுத்த முறை இன்னும் தாமதமாகிறது. பற்களின் நிலை குறித்த வெட்க உணர்வும் இச்சுழற்சியை இறுக்குகிறது. அமைதியூட்டலின் உண்மையான பயன் இச்சுழற்சியை ஓர் இடத்தில் அறுப்பதே ஆகும்.

அச்சத்தின் அளவை மதிப்பிட வினாப் பட்டியல்கள் உள்ளன. நார்மன் கோரா 1969இல் வெளியிட்ட அளவுகோலில் நான்கு வினாக்கள் உள்ளன. மதிப்பெண் 4 முதல் 20 வரை அமையும். 1995இல் வெளியான அதன் திருத்திய வடிவத்தில் மரப்பு ஊசி குறித்த வினா ஒன்று சேர்க்கப்பட்டது. மதிப்பெண் 5 முதல் 25 வரை அமையும். இதில் 19 அல்லது அதற்கு மேல் பெறுவோர் கடும் அச்சம் உடையோராகக் கருதப்படுகின்றனர்.

வரலாறு

அமைதியூட்டலின் வரலாறும் மயக்கவியலின் வரலாறும் பல் மருத்துவத்தோடு பின்னிப் பிணைந்தவை. 1772இல் ஜோசப் பிரீஸ்ட்லி நைட்ரசு ஆக்சைடைக் கண்டறிந்தார். ஹம்ப்ரி டேவி இவ்வளிமத்தைத் தானே சுவாசித்து ஆராய்ந்து, 1800இல் வெளியிட்ட நூலில், அது வலியைத் தணிப்பதால் அறுவை சிகிச்சையில் பயன்படக்கூடும் என்று குறிப்பிட்டார். கடைவாயில் ஞானப்பல் முளைத்தபோது ஏற்பட்ட வலி இவ்வளிமத்தால் குறைந்ததையும் அவர் பதிவு செய்தார். ஆயினும் அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அது பெரிதும் கேளிக்கைக் காட்சிகளிலேயே பயன்பட்டது. "சிரிப்பூட்டும் வளிமம்" என்னும் பெயர் இதனுடன் நிலைத்துவிட்டது.

1844 டிசம்பர் 10 அன்று, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஹார்ட்ஃபோர்ட் நகரில் கார்ட்னர் கோல்ட்டன் நடத்திய காட்சியைப் பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ் பார்த்தார். வளிமத்தைச் சுவாசித்த ஒருவர் காலில் காயம்பட்டும் வலியை உணராதிருந்ததை அவர் கவனித்தார். மறுநாளே கோல்ட்டன் வளிமத்தைக் கொடுக்க, உடன்பணிபுரிந்த ஜான் ரிக்ஸ் என்பவரைக் கொண்டு தம்முடைய பல் ஒன்றைப் பிடுங்கச் செய்தார். வலி பெரிதாகத் தெரியவில்லை.

1845 ஜனவரியில் பாஸ்டன் நகரில் மருத்துவ மாணவர் முன்னிலையில் வெல்ஸ் இதைச் செய்து காட்டியபோது நோயாளி கூச்சலிட்டார். பார்வையாளர்கள் இது ஏமாற்று வேலை என்று எள்ளினர். போதிய அளவு வளிமம் செல்வதற்கு முன் பையை எடுத்துவிட்டதே தோல்விக்குக் காரணமாகக் கூறப்படுகிறது. 1846 அக்டோபர் 16 அன்று அதே நகரில், வெல்ஸுடன் முன்பு பணியாற்றிய வில்லியம் மோர்ட்டன் ஈத்தரைக் கொண்டு வெற்றிகரமாக மயக்கமூட்டிப் புகழ்பெற்றார். மனமுடைந்த வெல்ஸ் 1848இல் தம் 33ஆம் வயதில் தற்கொலை செய்துகொண்டார். 1864இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும், 1870இல் அமெரிக்க மருத்துவச் சங்கமும் அவருடைய கண்டுபிடிப்பை ஏற்றுப் பாராட்டின.

1863 முதல் கோல்ட்டன் இவ்வளிமத்தைப் பல் பிடுங்குவதற்கு மீண்டும் பரவலாகப் பயன்படுத்தலானார். 1868இல் சிகாகோவைச் சேர்ந்த எட்மண்ட் ஆண்ட்ரூஸ் இதனுடன் ஆக்சிசனைக் கலந்து கொடுக்கும் முறையை வெளியிட்டார். அதுவரை வளிமம் தனியாகவே கொடுக்கப்பட்டதால் ஆக்சிசன் குறைவு ஏற்பட்டு வந்தது. இக்கலவையே இன்றைய மூச்சுவழி அமைதியூட்டலின் அடிப்படை.

1945இல் நீல்ஸ் யோர்கன்சன் பல மருந்துகளைச் சேர்த்துச் சிரை வழியே செலுத்தும் முறையைப் பல் மருத்துவத்தில் அறிமுகப்படுத்தினார். லியோ ஸ்டெர்ன்பாக் கண்டறிந்த குளோர்டையசிபாக்சைடு 1960இலும், டயசிபாம் 1963இலும் விற்பனைக்கு வந்தன. பார்பிட்டுரேட்டு வகை மருந்துகளைவிட இவை பாதுகாப்பானவை. 1970களில் உருவாக்கப்பட்ட மிடாசோலம் பின்னர் சிரைவழி முறையில் முதலிடம் பெற்றது.

பிரித்தானியாவில் தெருமுனைப் பல் மருத்துவமனைகளிலேயே முழு மயக்கம் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அதனால் நேர்ந்த இறப்புகள், குறிப்பாகச் சிறுவர்களின் இறப்புகள், கடும் எதிர்ப்பை உண்டாக்கின. 2000இல் வெளியான அரசு அறிக்கை ஒன்றைத் தொடர்ந்து, 2001ஆம் ஆண்டின் இறுதிக்குப் பின் பல் சிகிச்சைக்கான முழு மயக்கம் தீவிர சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைகளில் மட்டுமே என்றாயிற்று. விழிப்புநிலை அமைதியூட்டலின் முக்கியத்துவம் அங்கு பெருகியதற்கு இது ஒரு காரணம்.

படிநிலைகள்

அமெரிக்க மயக்கவியலாளர் சங்கம் அமைதியூட்டலையும் மயக்கத்தையும் நான்கு படிநிலைகளாக வகுத்துள்ளது.

- குறைந்த அமைதியூட்டல்: பேச்சுக்கு இயல்பாக மறுமொழி தருவார். மூச்சும் குருதி ஓட்டமும் மாறுவதில்லை.
- நடுத்தர அமைதியூட்டல்: உறங்குவதுபோல் இருந்தாலும், பேச்சுக்கோ மெல்லிய தொடுதலுக்கோ பொருளுடன் மறுமொழி தருவார். மூச்சுவழி தானாகவே திறந்திருக்கும்.
- ஆழ்ந்த அமைதியூட்டல்: எளிதில் எழுப்ப முடியாது, திரும்பத்திரும்பத் தூண்டினாலோ வலியூட்டினாலோ மட்டுமே மறுமொழி கிடைக்கும். மூச்சுவழியைத் திறந்து வைக்கத் துணை தேவைப்படலாம்.
- முழு மயக்கம்: வலியூட்டினாலும் எழுப்ப முடியாது. மூச்சுக்கும் சிலவேளை குருதி ஓட்டத்துக்கும் துணை தேவை.

இப்படிநிலைகளுக்கு இடையே திட்டவட்டமான எல்லைக்கோடு இல்லை. ஒன்று மற்றொன்றில் கலந்து செல்லும் தொடர்ச்சியே உள்ளது. ஒரே அளவு மருந்து ஒருவரைச் சற்றே தளர்த்தும். வேறொருவரை ஆழ்ந்த நிலைக்குக் கொண்டு சென்றுவிடும். எனவே, கருதிய நிலையைவிட ஒரு படி ஆழமாக நோயாளி சென்றுவிட்டாலும் அவரை மீட்கும் திறன் அமைதியூட்டுபவருக்கு இருக்கவேண்டும் என்பது ஏற்கப்பட்ட கோட்பாடு.

மருந்தில்லா முறைகள்

அச்சமுடைய அனைவருக்கும் மருந்து தேவைப்படுவதில்லை. பின்வருவன முதலில் முயலத்தக்கவை.

- சொல்லி, காட்டி, செய்தல்: மருத்துவர் செய்யவிருப்பதை எளிய சொற்களில் கூறி, கருவியைக் காட்டி, அதன்பின் செய்வது. சிறுவர்களிடம் பெரிதும் பயன்படுகிறது.
- நிறுத்தக் குறி: நோயாளி கையை உயர்த்தியதும் மருத்துவர் உடனே நிறுத்துவதாக முன்கூட்டியே உடன்படுவது. உடன்பாடு உண்மையாகக் கடைப்பிடிக்கப்பட்டால், இழந்த கட்டுப்பாடு நோயாளிக்குத் திரும்பக் கிடைக்கிறது.
- வலியற்ற ஊசி: ஈறின் மேல் மரப்புக் களிம்பைத் தடவிச் சில நிமிடம் காத்திருந்து, மருந்தை மிக மெதுவாகச் செலுத்துதல்.
- கவனத்தைத் திருப்புதல்: இசை கேட்டல், காணொளி பார்த்தல், சீரான மூச்சுப் பயிற்சி.
- அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை: உளவியலாளரின் துணையுடன் அச்சத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழகுதல்.

அமைதியூட்டும் மருந்து அன்றைய சிகிச்சையை மட்டுமே எளிதாக்கும். நடத்தைச் சிகிச்சையோ அச்சத்தையே குறைத்து, பிற்காலத்தில் மருந்தின்றி மருத்துவரிடம் செல்ல உதவக்கூடியது. ஆனால் அதற்குக் காலமும் பொறுமையும் தேவை. சீழ் பிடித்து வலியால் துடிப்பவர் அதற்குக் காத்திருக்க இயலாது. இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்வன.

மருந்து முறைகள்

மூச்சுவழி அமைதியூட்டல்

மூக்கின்மீது பொருத்தப்படும் சிறு முகமூடி வழியே நைட்ரசு ஆக்சைடும் ஆக்சிசனும் கலந்து கொடுக்கப்படுகின்றன. முதலில் தூய ஆக்சிசன் கொடுத்து, பின்னர் நைட்ரசு ஆக்சைடின் விழுக்காடு படிப்படியாகக் கூட்டப்படுகிறது. பெரும்பாலோர்க்கு 30 முதல் 50 விழுக்காடு போதுமானது. விரல் நுனிகளில் கூச்ச உணர்வு, உடலில் கதகதப்பு, கைகால் கனத்தல் அல்லது மிதத்தல் போன்ற உணர்வு ஆகியன வேலை தொடங்கியதன் அறிகுறிகள். பல் மருத்துவக் கருவிகள் ஆக்சிசன் 30 விழுக்காட்டுக்குக் கீழ் குறையாதவாறு அமைக்கப்பட்டுள்ளன. ஆக்சிசன் தடைப்பட்டால் நைட்ரசு ஆக்சைடும் தானே நின்றுவிடும்.

இவ்வளிமம் குருதியில் மிகக் குறைவாகவே கரைகிறது. அதனால் நுரையீரலில் உள்ள அளவுக்கும் மூளையில் உள்ள அளவுக்கும் இடையே விரைவில் சமநிலை ஏற்படுகிறது. சில நிமிடங்களில் பயன் தொடங்கி, நிறுத்தியதும் சில நிமிடங்களில் நீங்குகிறது. அளவை நொடிக்கு நொடி கூட்டவும் குறைக்கவும் முடிவது இதன் தலையாய நன்மை. முடிவில் குறைந்தது ஐந்து நிமிடம் தூய ஆக்சிசன் கொடுப்பது வழக்கம். வளிமம் குருதியிலிருந்து விரைந்து வெளியேறும்போது நுரையீரலில் ஆக்சிசன் நீர்த்துப்போவதை இது தடுக்கும்.

இயல்பான வளிமண்டல அழுத்தத்தில் இவ்வளிமத்தைக் கொண்டு மட்டும் முழு மயக்கத்தை உறுதியாக ஏற்படுத்த முடியாது. இவ்வலிமைக் குறைவே இன்று இதன் பாதுகாப்புக்குக் காரணமாக அமைகிறது. ஆயினும் கடும் அச்சம் உடையோர்க்கு இது போதாமற் போகலாம். மூக்கடைப்பு உள்ளோர்க்கும் முகமூடியை ஏற்காத சிறுவர்க்கும் பயன்படாது. கருவுற்ற முதல் மூன்று மாதங்கள், கடும் நுரையீரல் அடைப்பு நோய், உயிர்ச்சத்து பி12 குறைபாடு, அண்மையில் செய்துகொண்ட நடுச்செவி அறுவை சிகிச்சை, கண்ணுக்குள் வளிமம் செலுத்திய அறுவை சிகிச்சை ஆகியவை இருப்பின் இது தவிர்க்கப்படுகிறது.

வாய்வழி அமைதியூட்டல்

டயசிபாம், டிரையசோலம், டெமாசிபாம், லோராசிபாம் போன்ற பென்சோடையசிபைன் வகை மருந்துகள் சிகிச்சைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு முன் மாத்திரையாகக் கொடுக்கப்படுகின்றன. முந்தைய இரவு உறக்கம் வராதோர்க்கு இரவில் ஒரு மாத்திரை கொடுப்பதும் உண்டு. சிறுவர்களுக்கு மிடாசோலம் இனிப்புக் கரைசலாகக் கொடுக்கப்படுகிறது. இம்மருந்துகள் மூளையில் காபா என்னும் தடுப்பு நரம்புக்கடத்தியின் வேலையை வலுப்படுத்துவதன் மூலம் செயற்படுகின்றன.

ஊசி தேவையில்லை, செலவு குறைவு என்பன இம்முறையின் நன்மைகள். ஆனால் விழுங்கிய மாத்திரையை மீட்க முடியாது. இரைப்பையில் உள்ள உணவு, கல்லீரலின் வேகம் ஆகியவற்றுக்கேற்பப் பயன் ஆளுக்கு ஆள் மாறுபடும். போதவில்லை என்று எண்ணி மறுபடியும் மாத்திரை கொடுப்பது இடர் மிகுந்தது. முதல் மாத்திரையும் இரண்டாவதும் ஒன்றாக வேலை செய்யத் தொடங்கலாம். எரித்ரோமைசின், கீட்டோகோனசோல் போன்ற மருந்துகளும் கிரேப்ஃப்ரூட் பழச்சாறும் டிரையசோலம், வாய்வழி மிடாசோலம் ஆகியவற்றின் அளவைக் குருதியில் கூட்டுகின்றன.

சிரைவழி அமைதியூட்டல்

புறங்கையிலோ முழங்கை மடிப்பிலோ உள்ள சிரையில் சிறு குழாய் பொருத்தி, பெரும்பாலும் மிடாசோலம் செலுத்தப்படுகிறது. சிறிதளவு செலுத்தி, இரு நிமிடம் அளவில் காத்திருந்து, நோயாளியின் நிலையைக் கண்டபின் அடுத்த சிறிதளவு செலுத்துவதே முறை. பேச்சு குழறுதலும் இமை தாழ்தலும் போதிய அளவு சேர்ந்துவிட்டதைக் காட்டும். முதியோர்க்கு மிகக் குறைந்த அளவும் நீண்ட இடைவெளியும் தேவை.

மருந்து வேலை செய்யும் காலத்தில் நடந்தவை பெரும்பாலும் நினைவில் பதிவதில்லை. அதனால் "உறங்கிவிட்டேன்" என்று பலர் கூறுவர். உண்மையில் அவர்கள் வாயைத் திற என்றால் திறந்து, சொன்னபடி ஒத்துழைத்தவர்களே. இந்நினைவிழப்பு கடும் அச்சமுடையோர்க்கு ஆறுதலானது. ஆயினும் அச்சத்தை வெல்லக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பையும் அது நீக்கிவிடுகிறது. மேலும், சிகிச்சைக்குப் பின் மருத்துவர் கூறும் அறிவுரைகளும் நினைவில் நிற்காது. ஆகவே அவை எழுத்திலும் உடன் வந்தவரிடமும் தரப்படுகின்றன.

மிடாசோலத்துக்குப் புளூமாசெனில் என்னும் முறிமருந்து உண்டு. ஆனால் அது மிடாசோலத்தைவிட விரைவில் உடலிலிருந்து நீங்குவதால், விழித்த நோயாளி மீண்டும் உறக்க நிலைக்குத் திரும்பக்கூடும். முறிமருந்து கொடுத்தவுடன் வீட்டுக்கு அனுப்பக்கூடாது என்பது இதனாலேயே.

மூக்குவழி அமைதியூட்டல்

அடர்த்தியான மிடாசோலக் கரைசல் மூக்கினுள் தெளிக்கப்படுகிறது. ஊசியை ஏற்காத சிறுவர்க்கும், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உடையோர்க்கும் இது உதவுகிறது. தெளிக்கும்போது எரிச்சலும், தொண்டையில் இறங்கினால் கசப்பும் ஏற்படும். அண்மைக் காலத்தில் டெக்ஸ்மெடிடோமிடின் என்னும் மருந்தும் இவ்வழியில் பயன்படுத்தப்படுகிறது.

ஆழ்ந்த அமைதியூட்டலும் முழு மயக்கமும்

புரோபோபால், கீட்டமின் போன்ற மருந்துகள் ஆழ்ந்த நிலையை விரைவில் உண்டாக்குபவை. புரோபோபாலைப் பொறுத்தவரை, அமைதிநிலைக்கும் மூச்சு நிற்கும் நிலைக்கும் இடையே உள்ள அளவு வேறுபாடு சிறிது, முறிமருந்தும் இல்லை. எனவே இவற்றை மயக்கவியலில் தனிப்பயிற்சி பெற்றவரே கையாளவேண்டும். பல பற்களில் சொத்தை உள்ள மிகச் சிறிய குழந்தைகள், ஒத்துழைக்க இயலாத மாற்றுத்திறனாளிகள், பெரிய வாய் அறுவை சிகிச்சைக்கு உட்படுவோர், மற்ற முறைகள் எவையும் பயன் தராதோர் ஆகியோர்க்கு மருத்துவமனையில் முழு மயக்கம் கொடுத்து, தேவையான சிகிச்சை அனைத்தும் இயன்றவரை ஒரே அமர்வில் செய்யப்படுகிறது.

முன்மதிப்பீடு

அமைதியூட்டலுக்கு முன் நோயாளியின் உடல்நிலை மதிப்பிடப்படுகிறது. அமெரிக்க மயக்கவியலாளர் சங்கத்தின் வகைப்பாட்டில் முதல் இரண்டு வகையினர், அதாவது நலமுடையோரும் கட்டுக்குள் உள்ள இலேசான நோய் உடையோரும், பொதுவாகப் பல் மருத்துவமனையிலேயே அமைதியூட்டலுக்கு ஏற்றவர்கள். மற்றவர்களுக்கு மருத்துவருடன் கலந்தாய்வோ மருத்துவமனைச் சூழலோ தேவைப்படும்.

நோயாளி மறைக்காமல் கூறவேண்டியவை பின்வருமாறு.

- இதய, நுரையீரல், கல்லீரல், சிறுநீரக நோய்கள், வலிப்பு நோய்.
- குறட்டை, உறக்கத்தில் மூச்சு தடைப்படுதல்.
- உட்கொள்ளும் எல்லா மருந்துகளும். குறிப்பாகத் தூக்க மாத்திரை, அபினி வகை வலிநீக்கி.
- மதுப் பழக்கமும் பிற போதைப் பழக்கங்களும்.
- கருவுற்றிருத்தல், தாய்ப்பால் கொடுத்தல்.
- முன்பு மயக்க மருந்தால் ஏற்பட்ட ஒவ்வாமை அல்லது சிக்கல்.

பென்சோடையசிபைனும் அபினி வகை மருந்தும் சேரும்போது மூச்சு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். இதுகுறித்து அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016இல் தன் மிகக் கடுமையான வகை எச்சரிக்கையை இம்மருந்துகளின் குறிப்பேடுகளில் சேர்க்கச் செய்தது.

மருந்து கொடுத்தபின் பெறப்படும் ஒப்புதல் செல்லாது; தெளிவுடன் இருக்கும்போதே, மாற்று வழிகளையும் இடர்களையும் விளக்கி அது பெறப்படவேண்டும்.

சிகிச்சை நாள் நடைமுறை

நடுத்தர நிலைக்கும் அதற்கு மேலும் உணவு தவிர்ப்பு பொதுவாக வலியுறுத்தப்படுகிறது. தெளிந்த நீர்மங்களை 2 மணி நேரத்துக்கும், தாய்ப்பாலை 4 மணி நேரத்துக்கும், இலேசான உணவை 6 மணி நேரத்துக்கும் முன் நிறுத்துவது பரவலான விதி. பால் கலந்த தேநீரும் காப்பியும் தெளிந்த நீர்மங்கள் அல்ல. விழிப்புநிலை அமைதியூட்டலுக்கு இவ்விதி எவ்வளவு தேவை என்பதில் நாடுகளின் வழிகாட்டல்கள் வேறுபடுகின்றன. நீரிழிவு நோயாளிகள் உணவு தவிர்ப்பு குறித்து மருத்துவரிடம் தனியே அறிவுரை பெறவேண்டும்.

சிகிச்சையின்போது நாடித்துடிப்பு, குருதி அழுத்தம், மூச்சு ஆகியவை கண்காணிக்கப்படுகின்றன. பல்ஸ் ஆக்சிமீட்டர் விரல் வழியே குருதியின் ஆக்சிசன் அளவைக் காட்டுகிறது. எனினும் மூச்சு நின்றபின் இவ்வளவு குறையச் சிறிது நேரமாகும். கூடுதல் ஆக்சிசன் கொடுக்கப்பட்டிருந்தால் தாமதம் இன்னும் அதிகம். வெளிமூச்சில் உள்ள கார்பன் டைஆக்சைடை அளக்கும் கருவியோ மூச்சு நின்றதை உடனே காட்டிவிடும். கருவிகளைவிட முதன்மையானது, நோயாளியைத் தொடர்ந்து கவனிக்கும் பயிற்சி பெற்ற ஒருவர் அருகில் இருப்பதே.

வாய்வழி, சிரைவழி முறைகளில் நோயாளி பொறுப்பான ஒருவரின் துணையுடனேயே வீடு திரும்பவேண்டும். அன்று முழுவதும், பொதுவாக 24 மணி நேரம், வண்டி ஓட்டுதல், இயந்திரம் இயக்குதல், அடுப்பில் சமைத்தல், மது அருந்துதல், ஆவணங்களில் கையெழுத்திடுதல் ஆகியவற்றைத் தவிர்க்கவேண்டும். நைட்ரசு ஆக்சைடு மட்டும் பெற்ற வயது வந்தோர், முழுமையாகத் தெளிந்தபின் பெரும்பாலும் வழக்கமான பணிகளுக்குத் திரும்பலாம்.

இடர்களும் பாதுகாப்பும்

பயிற்சி பெற்றோர் உரிய நோயாளியைத் தேர்ந்து செய்யும்போது அமைதியூட்டல் பாதுகாப்பானது. குமட்டல், தலைவலி, தலைசுற்றல், நீண்ட உறக்கக் கலக்கம் ஆகியன பொதுவான பக்கவிளைவுகள். சிறுவர்களிலும் முதியோரிலும் சிலர், அமைதியாவதற்கு மாறாகக் கிளர்ச்சியுற்று அழுவதும் திமிறுவதும் உண்டு. அந்நிலையில் மேலும் மருந்து கொடுப்பது தீங்காக முடியலாம்.

உயிருக்கு ஆபத்தான நிகழ்வுகள் பெரும்பாலும் மூச்சிலிருந்தே தொடங்குகின்றன. தசைகள் தளர்ந்து நாக்கு பின்புறம் சரிந்தால் மூச்சுவழி அடைபடுகிறது. பல் மருத்துவத்தில் இச்சிக்கல் தனித்தன்மை வாய்ந்தது; மருத்துவர் பணி செய்யும் இடமும் நோயாளியின் மூச்சுவழியும் ஒன்றே. நீர், குருதி, உடைந்த பல் துண்டு, பஞ்சு ஆகியவை தொண்டையில் இறங்கக்கூடும். உறிஞ்சு கருவியும், பல்லைச் சுற்றிப் பொருத்தப்படும் ரப்பர் திரையும் இதைத் தடுக்க உதவுகின்றன. மூச்சு குறைந்ததும் முதலில் செய்யவேண்டியவை: பணியை நிறுத்துதல், வாயிலுள்ள பொருள்களை அகற்றுதல், நோயாளியை எழுப்ப முயலுதல், தாடையை உயர்த்தி மூச்சுவழியைத் திறத்தல், ஆக்சிசன் கொடுத்தல். மூச்சுப் பை, முறிமருந்து, உயிர்மீட்புக் கருவிகள் ஆகியன எட்டும் தொலைவில் இருக்கவேண்டும்.

சிறுவர்கள்

சிறுவர்களின் மூச்சுவழி குறுகலானது. வாயின் அளவோடு ஒப்பிட நாக்கு பெரிது. அடிநாச் சதை வீங்கியிருப்பதும் மிகுதி. அவர்களது உடல் ஆக்சிசனை விரைவாகச் செலவிடுகிறது, சேமிப்போ குறைவு. எனவே மூச்சு தடைப்பட்டால் பெரியவர்களைவிட மிக விரைவில் ஆக்சிசன் குறைந்துவிடும். மரப்பு மருந்தின் உச்ச அளவும் உடல் எடையைப் பொறுத்ததாதலால், ஒரே அமர்வில் பல பற்களுக்குச் சிகிச்சை செய்யும்போது அவ்வளவு மீறப்பட்டு, அமைதியூட்டியின் விளைவோடு சேர்ந்து வலிப்பையோ மூச்சு நிறுத்தத்தையோ உண்டாக்கலாம்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் அமெரிக்கச் சிறார் பல் மருத்துவக் கழகமும் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, பல் மருத்துவமனையில் சிறுவர்க்கு ஆழ்ந்த அமைதியூட்டலோ முழு மயக்கமோ கொடுக்கும்போது, சிகிச்சை செய்யும் மருத்துவரன்றி, மயக்கம் கொடுத்துக் கண்காணிப்பதற்கென்றே தகுதி பெற்ற இன்னொருவர் இருக்கவேண்டும். ஒருவரே இரு பணிகளையும் செய்தல் ஏற்கத்தக்கதன்று. வீட்டிலேயே மருந்தைக் கொடுத்துக் குழந்தையை அழைத்து வருமாறு கூறுவதும் பாதுகாப்பற்றதாகக் கருதப்படுகிறது. பயணத்தின்போது வண்டி இருக்கையில் தலை சாய்ந்து மூச்சுவழி அடைபடக்கூடும்.

பெற்றோர் தயக்கமின்றிக் கேட்கத்தக்க வினாக்கள் சில உண்டு: எந்த மருந்து, எந்த நிலைக்கு? மருந்து கொடுப்பவர் யார், அவரது பயிற்சி என்ன? சிகிச்சை நடக்கும்போது குழந்தையின் மூச்சைக் கவனிப்பவர் யார்? அவசர நிலையில் என்ன செய்யப்படும்? எளிய முறைகள் ஏன் போதா?

பணியிடமும் சூழலும்

நைட்ரசு ஆக்சைடை நாள்தோறும் சுவாசிக்க நேரும் பணியாளர்களுக்கு, அது உயிர்ச்சத்து பி12ஐச் செயலிழக்கச் செய்வதால் நரம்புப் பாதிப்பு ஏற்படலாம். அமெரிக்கத் தேசியப் பணியிடப் பாதுகாப்பு மற்றும் நல நிறுவனம் பரிந்துரைத்துள்ள மேல்வரம்பு பத்து இலட்சத்தில் 25 பங்கு ஆகும். வெளிமூச்சை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பும் நல்ல காற்றோட்டமும் இதற்குத் தேவை. மேலும் இவ்வளிமம் நூறாண்டு அளவில் கார்பன் டைஆக்சைடைப் போல் ஏறத்தாழ 270 மடங்கு புவி வெப்பமூட்டும் ஆற்றல் கொண்டது. எனவே குழாய்க் கசிவைக் குறைப்பது இப்போது வலியுறுத்தப்படுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

- நைட்ரசு ஆக்சைடு
- மயக்கவியல்
- ஹொரேஸ் வெல்ஸ்
- பென்சோடையசிபைன்
- பற்சொத்தை
- வேர்ச் சிகிச்சை